ஓட்டை போடாத வாளி

பெருவிரல் உள்ளே போய்விட்டது. சாந்தாமணி அழுத்தக்கூட இல்லை, சும்மா தொட்டாள். காலையில் எழுந்ததும் பால்கனிக்கு வந்து செடி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்கு அடுத்த வேலை. பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து, விடிகாலையில் கட்டில் கட்டிலாகப் போய்ப் போர்வை நுனியை இழுத்துப் பழகிய கை, வேலையை விட்டதும் சும்மா கிடக்குமா. அப்படித் தொட்டதில்தான் மூலைத் தொட்டியிலிருந்த அடீனியம் விரலை உள்ளே வாங்கிக்கொண்டது. அடியில் தொந்தி போட்டு, தொந்திக்கு மேல் நாலே நாலு கிளையும் கிளை நுனியில் ரோஸ் நிறப் பூவுமாக நிற்கிற செடி. பாலைவனத்துச் செடியாம், தண்ணீரையெல்லாம் அந்தத் தொந்தியில்தான் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். தை மாசம் அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அந்தத் தொந்தி கல் மாதிரி இருந்தது. இப்போது கனிந்து வெடிக்கப்போகிற சப்போட்டா. விரலை எடுத்து முகர்ந்து பார்த்தாள், முகர்ந்திருக்க வேண்டாம். செத்துப்போச்சா? இல்லை, இலை இருக்கிறதே, பூ ஒன்றுகூட இருக்கிறதே, பூ இருந்தால் உயிர் இருக்கிறது என்றுதானே. பிணத்துக்கும்தான் பூ வைக்கிறோம். சீ, காலங்கார்த்தாலே என்ன நினைப்பு. அழுகுவதற்கு இதற்கு இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது? வேறு செடி அழுகக் கூடாதா, நான் வைத்தது எத்தனை இருக்கிறது, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா? இது அம்சவேணி வைத்த செடி. அம்சவேணி வைத்ததில் மிஞ்சியிருந்த ஒரே செடி. ஹாலில் மாலை போட்ட போட்டோவுக்குள் இருந்துகொண்டு நேராகப் பால்கனியையே பார்த்துக்கொண்டிருக்கிறாளே, அந்த அம்சவேணி. அவள் புருஷனுடைய முதல் மனைவி. கீர்த்தனாவின் அம்மா. அந்தக் கீர்த்தனா இன்றைக்குப் பெங்களூரிலிருந்து வருகிறாள். தன் அப்பாவுக்கும் தன் பழைய வார்டனுக்கும் மருதமலையில் தானே முன்னால் நின்று கல்யாணம் செய்துவைத்துவிட்டுப் போனவள், அதற்குப் பிறகு முதல் தடவையாக வருகிறாள். அவளைக் கூட்டிவரத்தான் அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரயில்வே ஜங்ஷனுக்குப் போயிருக்கிறார்.

முட்டி மடக்கி உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடியும் உட்கார்ந்தாள். சரி, கைக்கு ஒரு வேலை கொடுப்போம், கை ஓடினால் புத்தி தானாக ஓடும். நேற்றுச் சாயங்காலம் இரண்டு பேரும் நர்சரிக்குப் போய் வாங்கிவந்த நாற்றுகள் கறுப்புப் பைகளில் வரிசையாகக் காத்துக்கிடந்தன. பெட்டூனியா, ஜெரேனியம், பத்து மணிப் பூ, அப்புறம் டீ கப் அளவுத் தொட்டிகளில் தடித்தடியான இலைகளோடு குட்டி சக்குலென்ட்கள், அதில் ஒன்று பச்சை ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக. அவருக்கு எல்லாப் பூவும் ரோஜாதான், ரோஜா இல்லாவிட்டால் செம்பருத்தி. 'இந்த ரோஜா என்ன வெலைங்க' என்று ஜெரேனியத்தைக் காட்டிக் கேட்டார் மனுஷன், நர்சரிக்காரன் சிரித்துவிட்டான், அவளும் சிரித்துவிட்டாள், சிரித்த பிறகு வெள்ளியங்கிரி என்கிற இந்த மனுஷனை நடுக்கடையில் வைத்துச் சிரிக்கிற அளவுக்கு நமக்கு உரிமை வந்துவிட்டதா என்று யோசனையாகவும் இருந்தது. செம்மண்ணையும் மணலையும் தேங்காய் நார்த்தூளையும் மண்புழு உரத்தையும் அவளுடைய சிவப்பு வாளியில் கொட்டிக் கையாலேயே பிசைந்தாள். பிசைந்தால் உதிர வேண்டும், உருண்டை பிடித்தால் மணல் போதாது. வாளியின் வயிற்றில் வெள்ளை பெயிண்டில் 'வார்டன்' என்று எழுதியிருக்கும், அவளே தீக்குச்சியால் தொட்டுத் தொட்டு எழுதியது. சேலத்து விடுதியில் பெயர் எழுதாத வாளிக்குக் கால் முளைத்துவிடும். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள், இந்த வாளி, இவ்வளவுதான் அவள் சொத்து. ஒரு விடுதியிலிருந்து இன்னொரு விடுதிக்கு மாறும்போதெல்லாம் இந்த மூன்றும் அவளோடு பஸ் ஏறின, ஐம்பத்து மூன்று வயசில் கழுத்தில் தாலி ஏறியபோதும் இந்த மூன்றும்தான் கூட வந்தன. மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற அவர், செடி வைக்க வேண்டும் என்று அவள் வாய் திறந்ததும், காலி பெயிண்ட் டப்பாக்களை எங்கெங்கிருந்தோ பொறுக்கிவந்து, அடுப்பில் கம்பியைக் காய வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் அச்சில் வார்த்த மாதிரி ஓட்டை போட்டுக் கொடுத்தார். கடைசியில் இந்த வாளியையும் கையில் எடுத்து, 'இதுக்கும் போட்டுரட்டுங்களா?' என்றார். 'வேண்டாமுங்க, அது பொழங்கறதுக்கு ஆகும்' என்று பட்டென்று வாங்கி வைத்துக்கொண்டாள். புழங்குவதற்கு வீட்டில் வாளிக்கா பஞ்சம்? குளியலறையிலேயே மூன்று கிடக்கிறது. வாளி முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எதற்கு என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

ஓட்டையின் மேல் ஓட்டுச்சில்லைக் கவிழ்த்து வைத்து, பாதி வரை மண் போட்டு, பெட்டூனியாவின் வேர்ப்பந்தை உடையாமல் இறக்கினாள். இது கீர்த்தனாவுக்கு, ஊதா நிறம், அவளுக்கு ஊதா என்றால் உயிர், விடுதியில் துணி உலர்த்தும் கொடியைப் பார்த்தே யார் யார் துணி என்று சொல்லிவிடுவாள் சாந்தாமணி, ஊதா வரிசை முழுக்கக் கீர்த்தனாவுடையது. எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்த பெண். அவளைக் கொண்டுவந்து விட்டபோதுதான் அம்சவேணியைப் பார்த்தது, அந்த ஒரே ஒரு தடவைதான். குட்டையாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, பெரிய பையில் கச்சாயமும் எள்ளுருண்டையுமாகச் சுமந்துகொண்டு வந்து, அறையைப் பார்த்து, கட்டிலைத் தட்டிப் பார்த்து, போகும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 'ஏனுங்க வார்டனம்மா, என்ற புள்ள ஒண்ணும் தெரியாதவங்க. பாத்துக்கங்க.' எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், எல்லா அம்மாக்களுக்கும் அவள் தலையாட்டுவதுதான். ஆனால் அந்தக் கை மட்டும் கொஞ்சம் நேரம் கூடுதலாகப் பிடித்திருந்ததோ? இல்லை, அப்புறம் நடந்ததை வைத்து இப்போது அப்படித் தோன்றுகிறதா? அப்புறம் நடந்தது என்ன, அம்சவேணி இறந்த செய்தி வந்த ஒரு காலை, இட்லித் தட்டோடு வரிசையில் நின்ற கீர்த்தனாவைத் தனியாகக் கூப்பிட்டு, 'கிளம்பு கண்ணு, ஊருக்குப் போலாம், நானும் வர்றேன்' என்று சொன்னது. ஏன் என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. சேலத்திலிருந்து கோயம்புத்தூர் வரை பஸ்ஸில் அவள் தோளில் சாய்ந்தபடி வந்தாள், அவிநாசி தாண்டியதும்தான் அழுதாள். தோள் முழுக்க நனைந்துபோனது. பெற்ற தாயிடம்கூட அழத் தோன்றாத வயசு அது, என்னிடம் அழுதாளே என்று அன்றைக்கு அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் மனசின் ஒரு ஓரத்தில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்ததை அப்போதே தலையில் குட்டி உட்கார வைத்தாள். பெட்டூனியா சாய்ந்து நிற்கிறது, நிமிர்த்து. மண்ணை அமுக்காதே, லேசாகத் தட்டு. தட்டினால் போதும்.

ஆவணிக் காற்று ஜெரேனியத்தின் இலையை ஆட்டியது. மேற்கே மருதமலை மேகத்தைப் போர்த்திக்கொண்டு இன்னும் தூங்கியது. ஒரு டம்ளர் தண்ணீர்தானே ஊற்றினோம்? அங்கேயே வந்து நின்றது புத்தி, போகமாட்டேன் என்றது. அம்சவேணியின் போட்டோவுக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பது, அவர் அமாவாசைக்கு அமாவாசைதான் வைத்துக்கொண்டிருந்தார். இவள் வந்து அதைத் தினமும் ஆக்கினாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே. அம்சவேணியின் அடுப்பில் சமைக்கிறோம், அம்சவேணி வாங்கிய குக்கரில் சோறு பொங்குகிறோம், அம்சவேணி தைத்த தலையணை உறையில் தலை வைத்துப் படுக்கிறோம், அந்த மகராசிக்கு ஒரு வாய் தண்ணீராவது தினமும் வைக்க வேண்டாமா. புதுத் தண்ணீர் வைத்ததும் நேற்றைய தண்ணீரை என்ன செய்வது? பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்ற மனசு வரவில்லை, இறந்தவர்களுக்கு வைத்ததைக் கால்படாத இடத்தில்தான் ஊற்ற வேண்டும், மூன்றாவது மாடி வீட்டில் கால்படாத இடத்துக்கு எங்கே போவது? பால்கனித் தொட்டிதான். எந்தத் தொட்டி? அவளுடைய தண்ணீர் அவளுடைய செடிக்குத்தான் போக வேண்டும். என்ன பொருத்தமான ஏற்பாடு என்று தனக்குள்ளேயே மெச்சிக்கொண்டதும் உண்டு. அதுவும் சிறுவாணித் தண்ணீர், குடித்தால் இனிக்கும், செடிக்கும் இனிக்காதா என்ன. ஆடி மாசம் நாலைந்து இலை மஞ்சளானது. ஐயோ, தாகம் போலிருக்கிறது என்று டம்ளரைச் செம்பாக்கினாள். இன்னும் மஞ்சளானது. செம்பை நிறைய ஊற்றினாள். மஞ்சளானது தாகத்தால் இல்லை, மூச்சு முட்டி. அதற்கு வாய் இருந்தால், போதும்டி சாமி என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கும். ஆனால் ஒரு செம்பு தண்ணீரிலா இத்தனை சேறு? தொட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று, நாற்று நடலாம் போல. அவள் ஊற்றியதற்கு இவ்வளவு ஈரம் வரக் கூடாதே. வந்திருக்கிறதே. அப்படியானால் அவள் கணக்குக்கு மேல் ஊற்றியிருக்கிறாள், வேறென்ன.

இத்தனை வருஷம் யாரும் சீந்தாமல் கிடந்து பூத்த செடி. அவர் தண்ணீர் ஊற்ற மறந்த நாளெல்லாம் பூத்த செடி. இவள் வந்து அன்பு காட்டினாள், ஏழே மாசத்தில் ஆளைக் காலி செய்துவிட்டாள். கீர்த்தனா என்ன சொல்லுவாள்? ஒன்றும் சொல்லமாட்டாள், அதுதான் பயம். திட்டினால் திட்டட்டும். சாந்தாமணி எத்தனை பெண்களைத் திட்டியிருக்கிறாள், திட்டு ஆறிவிடும். அந்தப் பெண் செடியைப் பார்த்துவிட்டு, 'பரவால்ல மேம்' என்று சிரிப்பாளே, விருந்தாளி வீட்டில் டம்ளர் உடைத்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அது வந்துவிட்டால் அவ்வளவுதான், அப்புறம் இந்த வீட்டில் அவள் விருந்தாளி, கீர்த்தனாவும் விருந்தாளி, நடுவில் அந்த நல்ல மனுஷன் யார் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பார். வேடிக்கைதான். விடுதியில் ஏழு மணிக்கு மேல் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சாந்தாமணி நிற்பாள், கீர்த்தனா நடுங்கிக்கொண்டே ஓடிவருவாள். இன்றைக்கு ஓடிவருவது கீர்த்தனா, நடுங்குவது வார்டன். வேலையை விட்டதும் இந்த மிரட்டல் எல்லாம் எங்கே போய்த் தொலைகிறது?

போன் அடித்தது. மண் கையோடு புடவைத் தலைப்பால் எடுத்தாள். அவர்தான்.

"ஏனுங்க, வண்டி இருகூர்லயே நிக்குதாமா. இன்னும் செத்த நேரமாகும் போல. டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேனுங்க." குடிக்கவில்லை.

"நாத்தெல்லாம் நட்டாச்சுங்களா?"

"நட்டுட்டே இருக்கறனுங்க."

ஸ்டேஷன் இரைச்சல் கேட்டது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அந்த மூலைச் செடிக்கு மட்டும் நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

வைத்துவிட்டார். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். அப்படியானால்? மற்றதெல்லாம் நீ தொடலாம், அதை மட்டும் தொடாதே என்றுதானே? கோபமாகச் சொல்லவில்லை, அவருக்குக் கோபமே வராது, ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால்கூட அதைத் தட்டிக்கொடுப்பார். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் சுருக்கென்றது. மூலை அம்சவேணியுடையது, சாயங்கால வெயில் நேராக விழுகிற நல்ல மூலை. அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் அவளும் இத்தனை நாளாகத் தன் தொட்டிகளை அடுக்கிவந்தாள், ஒரு சாண் தள்ளியே வைப்பாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆண்பிள்ளையாக இருந்தால் ஒதுங்கி உட்காருவது மாதிரி. ஒதுங்கி உட்காரத் தெரிந்தவள்தான் அவள். தம்பிகள் வீட்டில் ஒதுங்கி உட்கார்ந்தாள், விடுதியில் அலுவலக அறைக்குப் பின்னால் ஒரு கட்டிலோடு ஒதுங்கி உட்கார்ந்தாள். ஆனால் இந்த வீட்டில் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. நினைக்காமலா வாளிக்கு ஓட்டை போட வேண்டாம் என்றாய்? யாரது கேட்டது? யாருமில்லை, அவளேதான். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் இதெல்லாம் சரிப்படாது என்று ஆகிவிட்டால், பெட்டி இருக்கிறது, படுக்கை இருக்கிறது, வாளி இருக்கிறது, எந்த விடுதி வாசலில் போய் நின்றாலும் ஒரு கட்டில் கிடைக்கும். போக ஆசையா? இல்லை. கொஞ்சம்கூட இல்லை. காலையில் அவர் செருமிக்கொண்டே அடுப்படிக்கு வந்து, 'நீங்க உக்காருங்க, காப்பி நான் போடறேன்' என்று பாலைப் பொங்கவிட்டு அசடு வழிவாரே, அதை விட்டுவிட்டு எங்கே போவது. இந்த மனுஷனை அவளுக்குப் பிடித்துவிட்டது. இந்த வயசில், இப்படி, பிடித்துவிட்டது. அதனால்தான் விரல் உள்ளே போனதும் அப்படி உட்கார்ந்தும் எழுந்தும் தவித்தாள்.

நர்சரி ஒன்றும் தூரமில்லை. ஓடிப்போய் இதே மாதிரி ஒரு அடீனியம் வாங்கிவந்து இந்தத் தொட்டியில் வைத்துவிட்டால்? ரோஸ் நிறப் பூ, நாலு கிளை, தொந்தி. யாருக்குத் தெரியும்? எழுந்தே விட்டாள், செருப்பைத் தேடினாள். ஒற்றைச் செருப்பை மாட்டியதும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மழையே பெய்யாத நாளில் நனைந்த குடையோடு வந்து, 'லைப்ரரிக்குப் போயிருந்தேன் மேம்' என்று கண்ணைச் சிமிட்டாமல் சொன்ன கீர்த்தனாவை, ஏற்காட்டுக்குப் போய்வந்த குடைதானே இது என்று ஒரே கேள்வியில் மடக்கியவள் இந்த வார்டன். பொய் சொல்பவர்களைப் பிடித்தே பிழைப்பு நடத்தியவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, சொன்னால் காது சிவந்துவிடும். செருப்பைக் கழற்றினாள். திரும்பி வந்து மூலைத் தொட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். 'ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க' என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. நின்றால் நிற்கட்டும். அழுகுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டி உட்கார அவளுக்கு வராது. விடுதிச் சமையல்கட்டில் சேனைக்கிழங்கு மூட்டையில் பாதி அழுகிப்போய் வரும், தூக்கி எறிந்தால் அன்றைக்குக் குழம்பு ஏது? அழுகினது வரைக்கும் செதுக்கித் தள்ளு, வெள்ளை வந்ததும் நிறுத்து, அதுதான் சமையற்கட்டுச் சட்டம். செடியின் தொந்தியும் ஒரு கிழங்குதானே.

செடியைத் தண்டோடு பிடித்து இழுத்தாள், வேர் பழைய நூல் மாதிரி கையோடு வந்தது. அடுப்படிக் கத்தியைச் சுடுநீரில் அலசி எடுத்துவந்தாள். முதல் வெட்டில் பழுப்புக் கூழ் வழிந்தது. இரண்டாவது வெட்டிலும் பழுப்பு. அம்சவேணிம்மா, தப்பா எடுத்துக்காதீங்க, கொல்லறதுக்கு வெட்டலை. ஹாலிலிருந்து அம்சவேணி பார்த்துக்கொண்டேயிருந்தாள், முதுகில் தெரிந்தது. மூன்றாவது வெட்டில் நடுவில் மட்டும் பழுப்பு, சுற்றிலும் வெள்ளை. பாதித் தொந்தி போய்விட்டது. இன்னும் வெட்டினால் மிஞ்சுவது வெறும் கிளை. நிறுத்திவிடலாமா, அந்த நடுப்பழுப்பு தானாகக் காய்ந்துவிடாதா? காயாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் அது அடுத்ததைத் தின்னும், கிழங்கில் பார்த்ததுதான். கண்ணை மூடிக்கொள்ளவில்லை, திறந்துகொண்டே வெட்டினாள். வெள்ளை. முழுக்க வெள்ளை, தேங்காய்ப் பத்தை மாதிரி, ஓரத்தில் பால் துளிர்த்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள். மஞ்சள்தூளை அள்ளி வெட்டுவாயில் அப்பினாள். ஈரம் போகக் காய வேண்டும், எங்கே வைப்பது, தரையில் வைத்தால் மறுபடியும் ஈரம். கிளையில் நூலைக் கட்டி, துணி உலர்த்தும் கொடியில், அவருடைய பனியனுக்கும் தன் ரவிக்கைக்கும் நடுவில், தலைகீழாகத் தொங்கவிட்டாள். மஞ்சள் பூசிய பாதித் தொந்தி வானத்தைப் பார்க்க, கடைசிப் பூ தரையைப் பார்க்க, அது காற்றில் மெல்லச் சுற்றியது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பொய் சொல்லப் போவதில்லை என்று முடிவாகிவிட்டால் மனசுக்கு ஒரு சோம்பேறித்தனமான நிம்மதி வருமே, அது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மிச்சம் இருந்த ஜெரேனியத்தை நட்டாள், பத்து மணிப் பூவை அகலமான டப்பாவில் பரப்பினாள், குட்டி சக்குலென்ட்களை மணல் கூட்டிய மண்ணில் உட்காரவைத்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. பட்டால்தான் புத்தி வருகிறது. காலியான மூலைத் தொட்டியை மட்டும் நகர்த்தாமல் விட்டாள்.

அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்ததும், "மேம்!" என்று கட்டிக்கொள்ள வந்த கீர்த்தனாவைக் கையை நீட்டி நிறுத்தினாள். வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், உள்ளே வந்துவிட்டால் வாய் வராது. "செருப்பக் கழட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்க கண்ணு. உங்கம்மா செடி அழுகிப்போச்சு. நான்தான் தெனம் காலைல தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வெச்சேன். அம்மா போட்டோவுக்கு வெச்ச தண்ணி. நல்லதுன்னு நெனச்சுதான் ஊத்தினேன்."

கீர்த்தனா பையை வைத்துவிட்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். கொடியில் பனியனுக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிய தன் அம்மாவின் செடியைப் பார்த்தபடி நின்றாள். முதுகுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அந்தப் 'பரவால்ல மேம்' வரப்போகிறது என்று சாந்தாமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எங்கீங்க ஊத்துனீங்க?" பின்னாலிருந்து அவர்தான், ஸ்கூட்டர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே. "நான்தானுங்க ஊத்தீட்டு இருந்தேன்."

"நீங்களா?"

"நீங்க சாயங்காலம் பால் வாங்கக் கீழ போறப்ப, தெனம் ரெண்டு செம்பு. நேத்துத் தொட்டுப் பாத்தேன், மெத்துனு இருந்துது. உங்ககிட்டச் சொல்றதுக்கு வாய் வர்ல. அதான் நான் வந்து பாத்துக்கறேன்னு போன் பண்ணுனேன்."

"எதுக்குங்க ஊத்துனீங்க? ஏழு வருஷமா ஊத்தாத ஆளு?"

அவர் தரையைப் பார்த்தார். "செடி வாடிப்போச்சுன்னா, புதுசா வந்தவங்க பாக்காம உட்டுட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லீரக் கூடாது பாருங்க. உங்க பேர் கெட்டுரக் கூடாதுன்னுதான்."

"யாருப்பா சொல்லுவா? நானா?" கீர்த்தனா திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் உதடு சிரிப்பை அடக்க முடியாமல் துடித்தது, பிறகு அடக்கவும் இல்லை. சிரித்துச் சிரித்துப் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இதுக்கு எப்பத் தண்ணி ஊத்துவாங்க தெரியுமா மேம்? ஞாபகம் வந்தா ஊத்துவாங்க. ஞாபகமே வராது. காலைல ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர், பாவம் அது எங்க போகும்!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொங்கிய செடியின் வெட்டுவாயைப் பெருவிரலால் அமுக்கினாள். விரல் உள்ளே போகவில்லை. "கெட்டியா இருக்கு. பொழச்சுக்கும்." அப்புறம் ஹாலுக்குப் போய், போட்டோவுக்கு முன்னாலிருந்த டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காலி டம்ளரை நீட்டினாள். "நான் இருக்கற வரைக்கும் இத நான் குடிச்சுக்கறேன். நான் போனதும் ஆளுக்குப் பாதி. செடிப் பக்கம் ரெண்டு பேரும் போகக் கூடாது." குரலில் அப்படியே ஒரு வார்டன்.

விருந்தாளியின் சிரிப்பு இல்லை இது. சாந்தாமணிக்கு அழுகை வந்தது, வந்ததை இந்த முறை தலையில் குட்டி உட்கார வைக்கவில்லை.

"நாலு நாள் காயட்டும்," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அப்புறம் நட்டுரலாம். பழைய தொட்டி ஆகாது, அழுகின வாசம் ஏறிப்போச்சு."

"வேற ஒண்ணுங் காலியில்லீங்களே," என்றார் அவர், பெட்டூனியாவையும் ஜெரேனியத்தையும் பார்த்து. "எல்லா ரோஜாவும் வெச்சாச்சே."

சாந்தாமணி குனிந்தாள். சிவப்பு வாளியில் ஒட்டியிருந்த கடைசி மண்ணைத் தட்டிக் கொட்டினாள், கவிழ்த்து அடிப்பக்கத்தை உள்ளங்கையால் துடைத்தாள், அவரிடம் நீட்டினாள்.

"கம்பியக் காய வைங்க."

"ஐயோ மேம், அது உங்க வாளி!" என்றாள் கீர்த்தனா. "ஒரு மக் தண்ணி எடுத்ததுக்கு என்னைய ஒரு வாரம் திட்டுனீங்க!"

"இது பொழங்கறதுக்கு ஆகும்னீங்களே?" என்றார் அவர்.

"பொழங்கறதுக்கு வேற இருக்குதுங்க."

அவர் அவளை ஒரு தரம் பார்த்தார், வாளியை ஒரு தரம் பார்த்தார். கம்பியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கம்பி பழுக்க நேரமானது. வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சாந்தாமணியே முன்னால் உட்கார்ந்தாள், வெள்ளை எழுத்து அவள் மடியில் பட்டது. முதல் ஓட்டை விழுந்ததும் பிளாஸ்டிக் தீய்ந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது, கீர்த்தனா இருமிக்கொண்டே ஜன்னலைத் திறந்தாள்.

"எத்தன போடட்டுங்க?" என்று கேட்டார் அவர்.

"நெறையப் போடுங்க," என்றாள் சாந்தாமணி. "ஒரு சொட்டுத் தண்ணிகூட இதுல இனி நிக்கக் கூடாது."